ரேலோஃப் உங்களிடம் கேட்காத கேள்வி

கேள்வி: வணக்கம் மேடம். கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். ஸ்கைரிம் கேமை மூன்றாவது தடவையாக ஆரம்பித்திருக்கிறேன். இந்தத் தடவை உருப்படியாக ஒரு கேரக்டரை உருவாக்கி விளையாடலாம் என்று முன்கூட்டியே பதினெட்டுப் பக்கத்துக்கு பேக்ஸ்டோரி, அதாவது கேம் தொடங்குவதற்கு முன் அவள் வாழ்ந்த கதை, எழுதினேன். அவள் பெயர் இல்வேரி. கேமில் வரும் டார்க் எல்ஃப் இனம், பெரிய குடும்பத்துப் பெண். அம்மாவை அண்ணன் கொன்றுவிடுகிறான். இவள் அவனைப் பழிவாங்குகிறாள், இரண்டு போர்களில் சண்டை போடுகிறாள். உலகத்தையே மாற்றப்போகிறவள் என்று ஒரு தீர்க்கதரிசனமும் உண்டு. ஆனால் ரிவர்வுட் கிராமத்தைத் தாண்டுவதற்குள் அதெல்லாம் எனக்கே மறந்துபோய்விட்டது. வழக்கம்போல இருட்டில் பதுங்கி அம்பு விட்டுக்கொண்டிருக்கிறேன். "கேம் உன் கதையைக் கேட்கவே போவதில்லை, எதற்கு எழுதுகிறாய்?" என்கிறான் தம்பி. பேக்ஸ்டோரி வீண் வேலையா? எப்படி எழுதினால் விளையாடும்போது கூடவே வரும்? இந்தப் பழக்கம் கேம் எழுத்து வேலைக்கு உதவுமா என்றும் சொல்லுங்கள்.
வாசகி, மதுரை

பதில்: உங்கள் தம்பி சொல்வதில் பாதி உண்மை. ஸ்கைரிமில் யாரும் இல்வேரியை உட்காரவைத்துக் கதை கேட்கப்போவதில்லை. ஆனால் கேம் அவளை நிமிடத்துக்கு நிமிடம் முடிவெடுக்கச் சொல்கிறது. வாசலில் பிச்சைக்காரர் கை நீட்டுகிறார், ஒரு காசு கொடுப்பதா? கொள்ளைக்காரர்கள் பாலத்தை மறித்துப் பணம் கேட்கிறார்கள், கொடுத்துவிட்டுப் போவதா, அடிப்பதா? ஆள் இல்லாத வீட்டில் வெள்ளித் தட்டு இருக்கிறது, எடுப்பதா? இந்த முடிவுகளை இப்போது இல்வேரி எடுக்கவில்லை, நீங்கள் எடுக்கிறீர்கள். எது லாபம், எது பத்திரம் என்று பார்த்து எடுக்கிறீர்கள். ஸ்கைரிமில் அந்தக் கணக்கு போய்ச் சேருகிற இடம் எப்போதும் ஒன்றுதான். மறைந்திருந்து வில்லால் அடித்தால் சேதாரம் இரண்டு மடங்கு, அதற்கான பெர்க் என்ற கூடுதல் திறனை எடுத்துவிட்டால் மூன்று மடங்கு, எதிரி கிட்டே வருவதற்குள் கதை முடிந்தது. 2011இல் இந்த கேம் வந்ததிலிருந்து உலகம் முழுக்க ஆட்கள் மந்திரவாதியாக, கோடாலி வீரனாக ஆரம்பித்துக் கடைசியில் அதே இருட்டு மூலையில் அதே வில்லோடுதான் உட்காருகிறார்கள்.

பேக்ஸ்டோரி உதவுவது அங்கேதான். லாபம் ஒரு பக்கம் இழுக்கும்போது உங்களை இன்னொரு பக்கம் போகவைக்க வேண்டும். அதைச் செய்தால் ஆறு வரி போதும். செய்யாவிட்டால் அறுபது பக்கமும் சும்மா.

உங்கள் பதினெட்டுப் பக்கத்தை இப்படிப் பாருங்கள். அம்மா இறந்தாயிற்று. அண்ணனைப் பழிவாங்கியாயிற்று. போர்களும் முடிந்தன. ஸ்கைரிமுக்கு வரும்போது இல்வேரிக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. அவள் வாழ்க்கையின் பெரிய காரியங்களை எல்லாம் நீங்களே காகிதத்தில் விளையாடி முடித்துவிட்டு, களைத்துப்போன ஒருத்தியை கேமுக்குள் அனுப்பியிருக்கிறீர்கள்.

திறமை விஷயமும் இருக்கிறது. முதல் லெவல் டார்க் எல்ஃபின் அழிவு மந்திரத் திறன் 25. உச்சம் 100. மற்ற திறன்கள் எல்லாம் 20 அல்லது 15. இரண்டு போர் பார்த்தவள் ஒரு ஓநாயிடம் கடிபட்டுத் திணறினால், உங்கள் மனதே அந்தக் கதையை நம்பாது. நம்பாத கதை மறந்துபோவதில் ஆச்சரியம் இல்லை. தீர்க்கதரிசனத்தையும் எடுத்துவிடுங்கள். வைட்ரன் நகரத்துப் பக்கத்துக் காவல் கோபுரத்தில் முதல் டிராகனைக் கொன்றதுமே நீங்கள் டிராகன்பார்ன், அதாவது டிராகனின் ஆன்மாவோடு பிறந்தவர், என்று கேமே சொல்லப்போகிறது. அந்த வரம் எந்தக் குலத்தில் பிறந்தவருக்கும் வரலாம். தன்னை ஒரு பெரிய ஆளாகவே நினைக்காத ஒரு சாதாரணப் பெண்ணுக்கு அது வரும்போது அந்த இடம் எவ்வளவு கனமாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஏற்கெனவே ஒரு தீர்க்கதரிசனம் பையில் இருப்பவளுக்கு இது இரண்டாவது, அவ்வளவுதான்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? கேம் உங்களைப் பற்றி ஏற்கெனவே என்ன எழுதி வைத்திருக்கிறது என்று பார்ப்பதிலிருந்து. இது கேமுக்கு கேம் மாறும். ஃபால்அவுட் 4 கேமில் உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது, கைக்குழந்தை இருக்கிறது. துணை கண்முன்னே கொல்லப்படுகிறார், குழந்தை கடத்தப்படுகிறது. அங்கே போய் "நான் யாருமற்ற நாடோடி" என்று எழுதினால் கேம் ஒவ்வொரு காட்சியிலும் உங்களோடு மல்லுக்கு நிற்கும். அந்தக் கல்யாணம் எப்படிப்பட்டது, கடைசியாக எதற்காகச் சண்டை போட்டார்கள் என்று எழுதினால் கேமே உங்களுக்கு ஒத்தாசை செய்யும். மாஸ் எஃபெக்ட் முதல் பாகத்தில் ஷெப்பர்ட் எங்கே வளர்ந்தார் என்பதற்கு மூன்று பதில், ராணுவத்தில் என்ன செய்தார் என்பதற்கு மூன்று பதில் என்று கொடுத்துவிடுவார்கள். டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய் ஆறு விதமான ஆரம்பங்களை விளையாடவே கொடுத்தது. 1996இல் வந்த டேகர்ஃபால், அதாவது ஸ்கைரிமின் பாட்டி, வரிசையாகக் கேள்வி கேட்டு, உங்கள் பதில்களை வைத்து ஒரு வாழ்க்கைக் குறிப்பையே எழுதிக் கொடுத்தது. அதை இன்னும் நிறைய கேம்கள் செய்யக்கூடாதா என்று எனக்கு ஆசை.

ஸ்கைரிம் கிட்டத்தட்ட எதையும் சொல்வதில்லை. ஆனால் அந்த முதல் வண்டிப் பயணத்தை அடுத்த தடவை அவசரப்படாமல் கவனித்துப் பாருங்கள். கை கட்டப்பட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். எதிரே இருக்கும் ரேலோஃப், பேரரசை எதிர்த்துப் போரிடும் கிளர்ச்சிக்காரர், நீங்கள் எல்லையைத் தாண்ட முயன்றதாகவும், தங்களைப் போலவே பேரரசுப் படையின் பொறியில் மாட்டிக்கொண்டதாகவும் சொல்கிறார். பக்கத்தில் லோகிர் என்ற குதிரைத் திருடன். சாகப்போகும் நேரத்தில் நார்டு இனத்தான் சொந்த ஊரை நினைக்க வேண்டும் என்று சொல்லி, "நீ எந்த ஊர்?" என்று லோகிரிடம் ரேலோஃப் கேட்கிறார். அவன் ரோரிக்ஸ்டெட் என்கிறான். உங்களிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஒரு கேம் எழுத்தாளராக நான் மிகவும் மதிக்கிற இடம் அது. கேள்வியை உங்கள் காதில் போட்டுவிட்டு, பதில் சொல்லும் வாய்ப்பை உங்களுக்கே விட்டுவிட்டார்கள். எந்த எல்லை என்றும் சொல்லவில்லை, எதற்காகத் தாண்டினீர்கள் என்றும் சொல்லவில்லை.

அப்புறம் வண்டி போய் நிற்கும் ஹெல்கன் ஊர். பேரரசுப் படைவீரர் ஹேட்வார் கையில் பெயர்ப்பட்டியல். நீங்கள் யார் என்று கேட்கிறார், அப்போதுதான் முகமும் இனமும் பெயரும் தேர்ந்தெடுக்கிறீர்கள். டார்க் எல்ஃப் என்றால் "இன்னொரு அகதியா?" என்கிறார். உங்கள் பெயர் பட்டியலில் இல்லை. பட்டியல் கிடக்கட்டும், வெட்டுமேடைக்கு அனுப்பு என்கிறார் தளபதி. ஹேட்வார் வருத்தம் தெரிவிக்கிறார். உன் உடலை டார்க் எல்ஃப்களின் நாடான மோரோவிண்டுக்கு அனுப்பிவைக்கிறோம் என்கிறார்.

இந்த ஒரு வரியில் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கிறது பாருங்கள். மோரோவிண்டின் எரிமலையான சிவப்பு மலை வெடித்தது, கேமின் காலக்கணக்கில், நான்காம் யுகம் 5ஆம் ஆண்டு. கேம் நடப்பது 201ஆம் ஆண்டு. கிட்டத்தட்ட இருநூறு வருஷத்துக்கு முன் ஒரு ஜனமே ஊரைவிட்டுச் சிதறியிருக்கிறது. டார்க் எல்ஃப்களின் ஆயுள் நீளம் என்பதால் இல்வேரியின் அம்மா அந்தச் சாம்பல் மழையைப் பார்த்திருக்கலாம், இல்வேரி பார்த்திருக்க வாய்ப்பில்லை. அவள் பக்கத்து நாடான சிரோடீலில், மோரோவிண்ட் எல்லையை ஒட்டிய செய்டின்ஹாலில் பிறந்து வளர்ந்தவளாக இருந்தால்? தான் காலே வைக்காத ஒரு நாட்டைச் சொந்த ஊர் என்று சொல்லி, அங்கே தன் பிணத்தை அனுப்புவதாக ஒருவர் நல்ல மனதோடு ஆறுதல் சொல்கிறார். அதைக் கேட்டு அவளுக்கு என்ன தோன்றும்? இலங்கையிலிருந்து வந்து இங்கே முகாம்களில் பிள்ளை பெற்றவர்களின் குடும்பங்களைத் தெரிந்த நமக்கு இதைக் கற்பனை செய்வது கஷ்டமே இல்லை.

இனி உங்கள் கதையிலிருந்தே எடுக்கிறேன், வெளியிலிருந்து எதுவும் வேண்டாம். அம்மாவின் சாவும் அண்ணனும்தான் உங்கள் பதினெட்டுப் பக்கத்தின் உயிர். அதை முடிக்காமல் விட்டால் இப்படி வரும்:

"இல்வேரி. செய்டின்ஹாலில் ஒரு மருந்துக்கடையில் மூலிகை அரைத்தவள். நெருப்பு மந்திரம் அம்மா சொல்லிக்கொடுத்தது, அடுப்பு பற்றவைக்கும் அளவுக்கு. அம்மா செத்த ராத்திரி அண்ணன் ஊரைவிட்டுப் போய்விட்டான். அவன்தான் கொன்றான் என்று ஊர் சொல்கிறது, இவள் கண்ணால் பார்க்கவில்லை. அவன் ஸ்கைரிமின் விண்ட்ஹெல்ம் நகரத்தில் இருப்பதாகக் கேள்வி. ஒரு கஜீத் வணிகர் கூட்டம் காசு வாங்காமல் எல்லை வரை கூட்டிவந்தது. யாராவது அதட்டினால் இவளுக்கு வாய் அடங்காது."

இவ்வளவுதான். இதில் ஒவ்வொரு வரியும் கேமில் எங்கேயாவது போய் முட்டும்படி எழுதியிருக்கிறேன். மூலிகை அரைத்தவள் என்பதால் வழியில் ஒரு நீலப் பூவைக் கண்டால் நிற்பாள். ஸ்கைரிமில் ஒரு மூலிகையை வாயில் போட்டுப் பார்த்தால் அதன் முதல் குணம் தெரிந்துவிடும், ஆகவே அவள் கிடைத்ததையெல்லாம் ருசி பார்ப்பாள். காசு வேண்டுமென்றால் மருந்து காய்ச்சி விற்பாள், வெள்ளித் தட்டைத் தூக்கமாட்டாள். நெருப்பு மந்திரம் எல்லாருக்கும் ஆரம்பத்திலேயே கையில் இருக்கிறது, அதனால் 25 என்ற எண்ணும் கதையும் ஒத்துப்போகின்றன. பூனை முகம் கொண்ட கஜீத் இனத்து வணிகர்களை ஸ்கைரிமின் நகரங்கள் மதிலுக்குள் விடுவதில்லை, வெளியே கூடாரம் போட்டுத்தான் வியாபாரம் செய்வார்கள். அவர்களுக்கு நன்றிக்கடன் பட்டவள் ஒவ்வொரு தடவை வைட்ரன் வாசலைத் தாண்டும்போதும் அந்தக் கூடாரத்தை எப்படிக் கடந்துபோவாள்?

நீங்கள் தாண்டிப்போன ரிவர்வுடையே எடுத்துக்கொள்வோம். ஸ்வென், ஃபேண்டல் இரண்டு பேருக்கும் கமிலா மேல் ஆசை. எதிராளி எழுதியதுபோல ஒரு பொய்க் கடிதத்தைக் கமிலாவிடம் கொடுக்கச் சொல்லி உங்களிடம் தருவார்கள். நீங்கள் அதைக் கொடுக்கலாம், கமிலாவிடமே உண்மையைச் சொல்லலாம், அல்லது எதிராளியிடம் போட்டுக்கொடுக்கலாம். நிறையப் பேர் ஃபேண்டல் பக்கம் சாய்வார்கள். அவர் கூட வருவார், வில் பயிற்சியும் கொடுப்பார், லாபம் அங்கேதான். ஆனால் ஊர் வாய்ச்சொல்லால் அண்ணன் கொலைகாரன் ஆனதைப் பார்த்தவள் இல்வேரி. அடுத்தவர் பெயரில் எழுதிய பொய்க் கடிதத்தை அவள் கையால் தொடுவாளா? எனக்குத் தெரிந்த இல்வேரி நேராகக் கமிலாவிடம் போய்ச் சொல்லிவிடுவாள். உங்கள் இல்வேரி வேறு மாதிரி செய்யலாம். எப்படியானாலும் கேம் கொடுக்கும் இரண்டு நிமிடச் சில்லறை வேலை (குவெஸ்ட்) இப்போது அவளுடைய விஷயமாகிவிட்டது. இத்தனைக்கும் கேமில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

வில்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "வில்லைத் தொடமாட்டேன்" என்று நீங்களாக ஒரு தடை போட்டுக்கொண்டால் ஒரு வாரத்தில் மீறிவிடுவீர்கள், காரணம் இல்லாத தடை நிற்காது. இல்வேரிக்கு வில் தெரியாது, அவ்வளவுதான். வேண்டுமென்றால் ஃபேண்டலிடமே காசு கொடுத்துக் கற்றுக்கொள்ளட்டும். அப்போது அதுவும் அவள் கதைக்குள் வந்துவிடும்.

விண்ட்ஹெல்முக்கு அவள் போய்ச் சேரும் நாளை அவசரப்படுத்தாதீர்கள். முதல் தடவையாவது நடந்தே போங்கள். பனியில் அந்தப் பெரிய பாலத்தைத் தாண்டி உள்ளே நுழைந்ததும், ரால்ஃப் ஸ்டோன்ஃபிஸ்ட் என்பவனும் இன்னொருவனும் சுவாரிஸ் என்ற டார்க் எல்ஃப் பெண்ணை வழிமறித்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் ஊருக்கு வந்து எங்கள் சோற்றைத் தின்கிறீர்கள், போரில் உதவமாட்டேன் என்கிறீர்கள், நீங்களெல்லாம் பேரரசின் ஒற்றர்கள் என்கிற பேச்சு. அம்பு விடுகிறவராக வந்தபோது இதைக் கேட்காமலேயே கடந்து போயிருப்பீர்கள். இல்வேரிக்கு இது அண்ணன் இத்தனை நாள் இருந்த ஊர். அதட்டினால் வாய் அடங்காதவள் வேறு. அந்த ரால்ஃபிடம் பேசினால் 100 தங்கக் காசு பந்தயம் கட்டிக் கைச்சண்டைக்குக் கூப்பிடுவான். மூலிகை அரைத்த கையோடு அவள் அதற்கு ஒத்துக்கொள்கிறாளா? அடி வாங்கித் தோற்றால் முன்பு சேமித்த இடத்திலிருந்து திரும்ப லோட் செய்யாமல் தோல்வியை அப்படியே வைத்துக்கொண்டு விளையாடுவீர்களா? வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். தோற்றவள் டார்க் எல்ஃப்கள் வாழும் சாம்பல் குடியிருப்புக்குள் இறங்கிப்போய் நியூ நிஸிஸ் சாராயக்கடையில் உட்காரும்போது அந்தக் கடைக்கு ஒரு அர்த்தம் வரும்.

அண்ணனை எங்கே கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். கேமில் அவன் இல்லை. அவனை நீங்கள்தான் கேம் தரும் பொருள்களிலிருந்து உருவாக்க வேண்டும், ஆனால் முன்கூட்டியே இடத்தைக் குறிக்காதீர்கள். ஸ்கைரிமின் குகைகளிலும் பாழடைந்த கோட்டைகளிலும் பெயர் தெரியாத பிணங்கள் கிடக்கின்றன, பக்கத்தில் கசங்கிய கடிதமோ பாதி எழுதிய நாட்குறிப்போ இருக்கும். என்றாவது ஒருநாள், வேறு ஏதோ வேலையாகப் போன இடத்தில், அப்படி ஒன்றைப் படிக்கும்போது "இது அவன்தான்" என்று உங்களுக்குச் சுருக்கென்று படும். அப்போது முடிவு செய்யுங்கள். கடைசிவரை படாமலும் போகலாம். தேடிக்கொண்டே அவள் வேறு ஆளாக மாறிப்போவதும் நல்ல கதைதான். கொலைகாரன் அவன்தானா என்ற கேள்விக்கும் நீங்கள் பதிலை இப்போதே மனதுக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆசிரியருக்குத் தெரிந்துவிட்டால் இல்வேரி தேடமாட்டாள், தேடுவதுபோல நடிப்பாள்.

எழுதியதை மாற்றலாமா என்ற சந்தேகம் வரும். விளையாட்டில் இன்னும் தொடாத எதையும் மாற்றலாம். ஒரு தடவை அதை வைத்து முடிவெடுத்துவிட்டால் அது நடந்துபோன விஷயம், கைவைக்காதீர்கள். விளையாடி முடித்து எழுந்திருக்கும்போது அவள் குரலில் இரண்டு மூன்று வரி எழுதிவையுங்கள்: இன்றைக்கு யாரைப் பிடித்தது, எதற்குப் பயந்தாள். நாலு நாள் கழித்து கேமைத் திறக்கும்போது குவெஸ்ட் பட்டியல் எங்கே போக வேண்டும் என்று மட்டும்தான் சொல்லும், அவள் எந்த மனநிலையில் இருந்தாள் என்பதை இந்த வரிகள்தான் சொல்லும். உங்கள் கதை கூடவே வராமல் போனதற்குப் பாதிக் காரணம் இது இல்லாததுதான் என்று நினைக்கிறேன்.

பதினெட்டுப் பக்கம் எழுதினால்தான் ஆழம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசை விளையாட்டின் 2014ஆம் ஆண்டு விதிப்புத்தகம் ஒரு கேரக்டருக்குக் கேட்பதே நாலு விஷயம்தான்: குணம், கொள்கை, பற்று, குறை. அதிலும் பற்றும் குறையும்தான் முக்கால்வாசி வேலையைச் செய்யும். யாருக்காக எதை இழப்பாள், எந்த இடத்தில் சறுக்குவாள், இவை தெரிந்தால் போதும். அதே விதிகளில் பிறந்த பால்டர்ஸ் கேட் 3 இதைக் கொஞ்சம் இயந்திரமாகவே ஆக்கிவிட்டது. நீங்கள் தேர்ந்தெடுத்த பின்னணிக்குப் பொருந்தும்படி நடந்தால் இன்ஸ்பிரேஷன் என்ற புள்ளி கிடைக்கும், நாலு வரை சேர்த்துவைத்து, பகடை கைவிட்ட நேரத்தில் மறுபடி உருட்டலாம். ஸ்கைரிம் முடித்த கையோடு அதைத் தொட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டரில் விளையாடுகிறீர்கள் என்றால், ஹெல்கன் வண்டியே இல்லாமல் வேறு விதமாக ஆரம்பிக்க உதவும் மாட்களும், அதாவது ரசிகர்கள் செய்த கேம் மாற்றங்களும், உண்டு. ஆனால் இல்வேரிக்கு அந்த வண்டி வேண்டும். டிராகன் வந்து எல்லாரும் சிதறும்போது ஹேட்வார் பின்னால் ஓடுவதா, ரேலோஃப் பின்னால் ஓடுவதா என்பதுதான் கேமின் முதல் பெரிய தேர்வு. ஒரு பக்கம் அவள் தலையை வெட்ட இருந்தவர்கள், மறு பக்கம் அவள் இனத்தைச் சாம்பல் குடியிருப்பில் வைத்திருக்கும் விண்ட்ஹெல்ம் தலைவனின் ஆட்கள். ஆறு வரியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் நில்லுங்கள். உடனே பதில் வந்தால் அந்த ஆறு வரியில் ஏதோ ஒன்று குறைகிறது, திரும்ப எழுதுங்கள். கொஞ்சமாவது தயங்கினால் ஆரம்பிக்கலாம்.

கடைசியாக வேலை பற்றி. இந்தப் பழக்கம் உதவும், ஆனால் பேக்ஸ்டோரியை மட்டும் யாரிடமும் மாதிரியாகக் காட்டாதீர்கள். எங்கள் வேலையில் ஆள் எடுக்கிறவர்கள் பார்ப்பது, விளையாடுகிறவர் கையில் தேர்வைக் கொடுத்துவிட்டு உங்களால் கதையை நடத்த முடிகிறதா என்பதை. ட்வைன் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, 2009இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது, நிரல் எழுதத் தெரியாவிட்டாலும் ஓட்டலாம். இங்க் என்ற இன்னொன்றும் இலவசம், அதை கேம் நிறுவனங்களே உபயோகிக்கின்றன. உங்கள் பதினெட்டுப் பக்கத்திலிருந்து அம்மா செத்த ராத்திரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கைரிமின் ஊர், இனப் பெயர்களை நீக்கிவிட்டு உங்கள் சொந்த உலகத்தில் வையுங்கள். வாசலில் அண்ணன் நிற்கிறான், கையில் ரத்தம், "நான் போகிறேன், யாரிடமும் சொல்லாதே" என்கிறான். விளையாடுகிறவர் என்ன சொல்லலாம், ஒவ்வொன்றுக்கும் அண்ணன் முகம் எப்படி மாறும் என்று பத்து நிமிடம் ஓடும் ஒரு சிறு கேமாகச் செய்யுங்கள். தமிழிலேயே செய்யலாம். முதலில் தம்பியிடம் கொடுத்து விளையாடச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அவன் தேர்வைப் படிக்காமல் தட்டிவிட்டுப் போகிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அந்த இடங்களைத் திருத்திவிட்டு எனக்கு அனுப்புங்கள், படித்துக் கருத்துச் சொல்கிறேன்.